விளாட்ஸ்லோவின் கல் பெற்றோர்: செதுக்கியது யார், ஏன் தள்ளி இருக்கிறார்கள்?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெல்ஜியத்தில் விளாட்ஸ்லோ என்ற ஊரில் ஜெர்மன் போர்வீரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. அங்கே மண்டியிட்டிருக்கும் கணவன் மனைவி கற்சிலைகளின் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். படத்தின் கீழே கேத்தே கோல்விட்ஸ் என்று ஒரு பெண்ணின் பெயர். வேறொரு குறிப்பில், கல்லைச் செதுக்கியவர்கள் வேறு இரண்டு ஆண்கள் என்று படித்திருக்கிறீர்கள். "அப்படியென்றால் உண்மையான சிற்பி யார்? கணவன் மனைவி என்கிறார்களே, ஏன் ஆளுக்கொரு பக்கம் தள்ளி இருக்கிறார்கள்?" என்று கேட்கிறீர்கள். நான் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவன். அப்புறம் முப்பது வருடங்களாகக் களிமண்ணோடும் கல்லோடும்தான் பிழைப்பு. கல் சம்பந்தப்பட்டதைக் கையறிந்து சொல்ல முடியும். கோல்விட்ஸின் நாட்குறிப்புகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தவன்தான், ஜெர்மன் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. நீங்கள் படித்த இரண்டும் சரி. சிலைகளின் வடிவத்தைக் களிமண்ணில் உருவாக்கி பிளாஸ்டரில் முடித்தவர் கோல்விட்ஸ். அந்த பிளாஸ்டர் வடிவங்களைப் பார்த்துக் கல்லில் செதுக்கியவர்கள் அவுகுஸ்ட் ராடெஸ், ஃபிரிட்ஸ் டீடரிஷ் என்ற இரண்டு சிற்பிகள். இது யாரும் மறைத்த விஷயம் இல்லை. அந்தக் கால ஐரோப்பாவில் இதுதான் வழக்கம். பிரெஞ்சுச் சிற்பி ரோடேனின் பேர்பெற்ற பளிங்குச் சிலைகள் பலவற்றையும் அவருடைய பட்டறையில் இருந்த உதவியாளர்களே செதுக்கினார்கள்.

எப்படி மாற்றுவார்கள் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். பிளாஸ்டர் சிலையில் மாறாத மூன்று புள்ளிகளை முதலில் குறித்துக்கொள்வார்கள். அவற்றை ஆதாரமாக வைத்து ஊசி பொருத்திய ஒரு சட்டத்தை நிறுத்துவார்கள். ஊசி நுனி மூக்கைத் தொடும் இடம், முழங்காலைத் தொடும் இடம் என்று ஒவ்வொரு ஆழமாக அளந்து, சட்டத்தை அப்படியே கல்லுக்கு மாற்றி, அதே ஆழம் வரை கல்லைத் துளைத்துக் குறி வைப்பார்கள். இப்படி நூற்றுக்கணக்கான புள்ளிகள் சேரும். குறிகளுக்கு வெளியே மிச்சமிருக்கும் கல்லை உளியால் எடுத்துக்கொண்டே வந்தால் உருவம் வெளியே வரும். கேட்க இயந்திர வேலை போலத் தோன்றும், ஆனால் கடைசி அரை அங்குலத்தில் எந்தக் கருவியும் உதவாது. ஒரு கன்னம் துவண்டு தொங்குகிறதா, சும்மா தட்டையாக இருக்கிறதா என்பது செதுக்குபவரின் கண்ணிலும் மணிக்கட்டிலும்தான் இருக்கிறது. அதனால் ராடெஸையும் டீடரிஷையும் வெறும் கூலியாட்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. நம் ஊர் பட்டறைகளில் ஸ்தபதி வடிவத்தையும் அளவையும் தீர்மானித்துச் சிவப்புக் கோடு போட்டுக் கொடுப்பார். கல்லை வெட்டி உருவம் கொண்டுவருவது பல கைகள். சிலை ஸ்தபதியின் பெயரில்தான் நிற்கும். அந்த முறையில் பார்த்தால் இது கோல்விட்ஸின் சிலை. ஒரு முகம்கூட, ஒரு மடிப்புகூட மற்ற இருவரின் கற்பனையில் பிறந்தது இல்லை.

அந்த வடிவங்களுக்கு வந்து சேர அவர் பட்ட பாடுதான் இதில் பெரிய கதை. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

கேத்தே 1867-இல் கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் பிறந்தவர். இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராட். கணவர் கார்ல் கோல்விட்ஸ் பெர்லினில் உழைக்கும் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் வைத்தியம் பார்த்த டாக்டர். ஹான்ஸ், பீட்டர் என்று இரண்டு மகன்கள். நெசவாளர் எழுச்சியையும் விவசாயிகள் போரையும் பற்றிய அச்சுப்படத் தொடர்களால் கேத்தே அதற்குள் பேர் வாங்கிவிட்டார். சிற்பம் அவருக்குப் பின்னால் வந்தது. 1904-இல் பாரிசுக்குப் போய் அதன் அடிப்படைகளைக் கற்றுக்கொண்டார், ரோடேனையும் போய்ப் பார்த்தார். தொடர்ந்து சிற்பம் செய்யத் தொடங்கியபோது நாற்பது தாண்டிவிட்டது.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் இளைய மகன் பீட்டர் தானாக முன்வந்து படையில் சேர விரும்பினான். வயது 18. இருபத்தொரு வயது ஆகாதவன் என்பதால் தகப்பனின் சம்மதம் வேண்டும். கார்ல் மறுத்தார். மகனுக்காகப் பரிந்து பேசி அவரைச் சம்மதிக்க வைத்தது கேத்தே. அக்டோபரில் பையன் போர்முனைக்குப் புறப்பட்டான். 22-ஆம் தேதி இரவு, பெல்ஜியத்தின் டிக்ஸ்முய்டே பக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டான். வீட்டை விட்டுக் கிளம்பி இரண்டு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. இதெல்லாம் சந்தேகத்துக்கு இடமில்லாத தகவல்கள். கேத்தே தன் நாட்குறிப்பில் எதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அந்த டிசம்பர் முதல் தேதியே அவர் நினைவுச்சின்னம் பற்றி எழுதுகிறார். நீங்கள் இப்போது பார்க்கும் சிலை அப்போது அவர் மனதில் இல்லை. முதல் எண்ணத்தில் பீட்டரின் உடல் நீட்டிப் படுத்திருக்கும். தலைமாட்டில் தகப்பன், கால்மாட்டில் தாய். பெர்லினுக்கு வெளியே ஹாவெல் ஆற்றைப் பார்த்த ஒரு மேட்டில் அது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். வருடக்கணக்காக அதற்கு முயன்றார். மாற்றி மாற்றிச் செய்து பார்த்தும் திருப்தி வரவில்லை. 1919-இல் வேலையைக் கைவிட்டார். திரும்ப வருவேன், இதை உனக்காகச் செய்து முடிப்பேன் என்று இறந்த மகனிடம் சொல்வதுபோல அப்போது எழுதி வைத்தார். 1924 வாக்கில் திரும்பத் தொடங்கியபோது மகனின் உருவம் போய்விட்டது. தாயும் தகப்பனும் மட்டும் மிஞ்சினார்கள். 1926-இல் கணவரோடு பெல்ஜியம் போய், பீட்டர் புதைக்கப்பட்டிருந்த ரொக்கவெல்ட கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தார். சிலைகளை அந்தத் தோட்டத்தில் எங்கே வைக்கலாம் என்றும் அப்போது யோசித்தார்கள். 1931-இல் பிளாஸ்டர் வடிவங்கள் பெர்லின் கலைக் கழகத்தில் காட்சிக்கு வந்தன. 1932 ஜூலையில் கற்சிலைகள் ரொக்கவெல்டவில் நிறுவப்பட்டன. எண்ணிப் பார்த்தால், முதல் எண்ணத்திலிருந்து நிறுவிய நாள் வரை பதினெட்டு வருடங்களுக்குச் சில மாதங்கள்தான் குறைவு. பீட்டர் உயிரோடு இருந்த காலமும் அதே பதினெட்டு வருடம்தான்.

இப்போது அந்த இடைவெளிக்கு வருகிறேன். தகப்பனும் தாயும் தனித்தனிப் பீடத்தில் இருக்கிறார்கள். தகப்பன் முதுகை நிமிர்த்தி மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் தன்னையே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். விட்டால் உடைந்துவிடுவார் போல. தாய் முன்னால் குனிந்து, போர்வைக்குள் சுருங்கி, தலை கவிழ்ந்து இருக்கிறார். ஒருவரை ஒருவர் தொடவில்லை, பார்க்கவும் இல்லை.

இதைக் கல் தொழிலின் கட்டாயம் என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: ஒரே பாறையில் இரண்டு பேரைச் செதுக்குவது கஷ்டம், ஏற்றிக்கொண்டு போவது அதைவிடக் கஷ்டம், அதனால் பிரித்துவிட்டார் என்று. இது எனக்கு ஒப்பவில்லை. கட்டிப்பிடித்த இரண்டு உருவங்களை ஒரே கல்லில் செதுக்குவது, கை காலை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒற்றை உருவத்தைச் செதுக்குவதைவிட லேசானது. கல் ஒரே கட்டியாக இருக்கும், உடையும் இடம் குறைவு. கோல்விட்ஸுக்கு அந்த வடிவம் தோன்றாமலும் இல்லை. போரைப் பற்றி அவர் 1921, 22 ஆண்டுகளில் செய்த மரச்செதுக்கு அச்சுத் தொடரில் மொத்தம் ஏழு படங்கள். அதில் ஒன்றின் பெயரே 'பெற்றோர்'. அதில் கணவனும் மனைவியும் மண்டியிட்டு, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, எது யாருடைய முதுகு, எது யாருடைய கை என்று பிரிக்க முடியாத ஒரே கருப்புக் குவியலாக இருக்கிறார்கள். பார்க்காதவர்கள் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டும். கட்டியணைத்த தம்பதியை இவ்வளவு வலுவாகச் செய்து காட்டியவர் சில வருடம் கழித்துக் கல்லுக்கு வரும்போது பிரித்து வைக்கிறார் என்றால், தெரிந்தேதான் பிரித்திருக்கிறார்.

ஏன் பிரித்தார் என்பதற்கு என்னுடைய பதிலைச் சொல்கிறேன். இது என் ஊகம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1914-இன் முதல் திட்டத்தைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். தலைமாட்டில் தகப்பன், கால்மாட்டில் தாய், நடுவில் மகன். அவர்கள் இருவரும் தொடக்கத்திலிருந்தே ஓர் உடலின் நீளத்துக்குத் தள்ளித்தான் இருந்தார்கள். பிறகு மகனை எடுத்துவிட்டார். ஆனால் பெற்றோரை நகர்த்திச் சேர்த்து வைக்கவில்லை. நீங்கள் பார்க்கும் இடைவெளி அவன் படுத்திருந்த இடம் என்றுதான் எனக்குப் படுகிறது. செதுக்காமல் விட்ட அந்த இடத்தை இந்தச் சிலையின் மூன்றாவது உருவமாகவே நான் பார்க்கிறேன். மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தரும்போதெல்லாம் முதலில் அந்த நடு இடத்தை மட்டும் வரையச் சொல்வேன்.

இன்னொரு விளக்கமும் சொல்வார்கள். போருக்கு அனுப்ப மறுத்தவர் தகப்பன், அனுமதி வாங்கிக் கொடுத்தவர் தாய். அதனால் தகப்பனின் துக்கத்தில் ஒரு விறைப்பு, தாயின் துக்கத்தில் மன்னிப்புக் கேட்கும் குனிவு என்று. கேத்தேயை அந்தக் குற்ற உணர்வு அரித்தது உண்மை. இளைஞர்களைப் போருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்ற கேள்வி அவரைக் கடைசி வரை விடவில்லை. ஆனால் குனிவு என்றால் குற்றம், நிமிர்வு என்றால் கோபம் என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஓர் அர்த்தத்தை ஒட்டவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே வீட்டில், ஒரே சாவுக்கு, இரண்டு பேர் இரண்டு விதமாகத்தான் அழுவார்கள். ஒருவர் வாயே திறக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் சுருண்டு படுத்துவிடுவார். எழவு வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த இரண்டு கல் உருவங்களும் புதியவை இல்லை.

முகங்களைப் பற்றி ஊகம் தேவையில்லை. தகப்பனின் முகம் கார்லுடையது, தாயின் முகம் கேத்தேயுடையது. 1932-இல் சிலைகளை நிறுவும்போது இருவரும் அங்கே போயிருந்தார்கள். தாய் சிலையின் முன்னால் நின்று தன் முகத்தையே பார்த்ததையும், அழுதுகொண்டே அதன் கன்னங்களைத் தடவியதையும் கேத்தே எழுதியிருக்கிறார். பின்னால் நெருங்கி நின்ற கார்ல் "ஆமாம், ஆமாம்" என்று முணுமுணுத்தது காதில் விழுந்ததாம். கல்லில் தனித்தனியாக இருந்தவர்கள் அன்றைக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றிருக்கிறார்கள்.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'பெல்ஜியக் கிரானைட்' என்றுதான் எல்லாக் குறிப்புகளிலும் இருக்கிறது. படித்ததும் நம் ஊர் கருங்கல்லை மனதில் கொண்டுவந்துவிடாதீர்கள். பெல்ஜியத்தில் 'பெட்டி கிரானி', அதாவது சின்னக் கிரானைட் என்ற வியாபாரப் பெயரில் வெட்டி விற்கும் நீலச்சாம்பல் கல் உண்மையில் ஒரு வகைச் சுண்ணாம்புக்கல். உளிக்குக் கருங்கல்லைவிட நன்றாக இளகிக் கொடுக்கும், மழையிலும் பனியிலும் கருங்கல்லைவிடச் சீக்கிரம் தேயும். அதனால் 'கிரானைட்' என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கல்லின் கடினத்தைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். கோல்விட்ஸ் களிமண்ணில் வேலை செய்யும்போதே கல்லை நினைத்துத்தான் செய்தார் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். களிமண்ணில் கையை நீட்டலாம், விரலைப் பிரிக்கலாம், உள்ளே கம்பி தாங்கும். இந்த இரண்டு உருவங்களிலும் அப்படி எதுவும் இல்லை. கைகள் உடம்போடு ஒட்டியிருக்கின்றன, உடைகள் கால்களை மூடித் தரை வரை இறங்குகின்றன, மடிப்புகள் ஆழமில்லாத பெரிய தளங்களாக இருக்கின்றன. மேட்டிலிருந்து உருட்டிவிட்டாலும் உடைய எதுவும் இல்லாத வடிவம் என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் சொல்வார்.

இனி இடம். நீங்கள் படத்தில் பார்த்தது முதலில் வைத்த இடம் இல்லை. ரொக்கவெல்ட உட்படச் சிறு சிறு தோட்டங்களில் கிடந்த ஜெர்மன் கல்லறைகளை 1950-களில் ஒன்று சேர்த்தபோது, பீட்டரின் மிச்சங்களும் சிலைகளும் விளாட்ஸ்லோவுக்கு வந்தன. இன்று அங்கே 25,000-க்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தரையோடு தரையாகப் பதித்த ஒவ்வொரு பலகைக் கல்லிலும் இருபது பெயர்கள். பீட்டரின் பெயர் இருக்கும் கல் தகப்பன் சிலைக்கு முன்னால் இருக்கிறது. "தகப்பனின் பார்வை சரியாக மகனின் பெயரில் விழுகிறது, சிற்பி எவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட்டிருக்கிறார் பாருங்கள்" என்று பலர் எழுதுகிறார்கள். பார்வை அங்கே விழலாம். ஆனால் இந்த அமைப்பு கோல்விட்ஸ் காலமாகிப் பல வருடம் கழித்து, இடம் மாற்றியவர்கள் ஏற்படுத்தியது. அதை அவருடைய திட்டமாகச் சொல்வது சரியில்லை.

சிலை வைத்த அடுத்த வருடமே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1919-இல் பிரஷ்யக் கலைக் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் என்ற பெருமை கேத்தேக்கு உண்டு. அங்கிருந்து 1933-இல் வெளியேற வைத்தார்கள். கார்ல் 1940-இல் இறந்தார். மூத்த மகன் ஹான்ஸ் இறந்துபோன தம்பியின் பெயரையே தன் மகனுக்கு வைத்திருந்தார். அந்தப் பேரன் பீட்டரும் 1942-இல் ரஷ்யாவின் ரிஷெவ் பகுதியில் போரில் இறந்தான். பெர்லின் வீடு குண்டுவீச்சில் அழிந்தது. 1945 ஏப்ரல் 22 அன்று, ஐரோப்பாவில் போர் முடிய இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகம் இருக்கும்போது, டிரெஸ்டன் பக்கத்தில் மோரிட்ஸ்பர்க்கில் கேத்தே கண்மூடினார்.

ஒரு முக்கியமான விஷயம் பாக்கி. இந்தச் சிலைகளுக்கு நகல்கள் உண்டு. நான் நேரில் பார்த்தது விளாட்ஸ்லோவை இல்லை, கொலோன் நகரத்தில் இருக்கும் நகலைத்தான். போரில் இடிந்துபோன பழைய செயின்ட் ஆல்பன் தேவாலயத்தைக் கூரையில்லாமல் அப்படியே விட்டு, உள்ளே இந்தப் பெற்றோரை வைத்திருக்கிறார்கள். உள்ளே விடவில்லை, கம்பிக் கதவு வழியாகத்தான் பார்த்தேன். தரையில் புல், சுற்றிலும் வெறும் சுவர், அதன் நடுவே இவர்கள். அரை மணி நேரம் நின்றும் அங்கிருந்து நகர மனசு வரவில்லை. அந்த நகலைச் செதுக்கியவர்கள் எவால்ட் மாட்டாரே என்ற சிற்பியின் மாணவர்கள் இருவர், எர்வின் ஹேரிஷும் யோசெஃப் பாய்ஸும். பாய்ஸ் பின்னாளில் உலகமே பேசிய கலைஞரானார். 1959-இல் திறந்து வைத்தார்கள். ஆக, அங்கேயும் கோல்விட்ஸின் வடிவத்துக்கு உளி பிடித்தது வேறு இரண்டு பேர். பேரன் இறந்த ரிஷெவ் பகுதியில் உள்ள போர்வீரர் கல்லறைத் தோட்டத்திலும் 2014-இல் ஒரு ஜோடி நகலை வைத்தார்கள். பெர்லினில் நொய வாக்க என்ற போர் நினைவுக் கட்டடத்துக்குள் இருக்கும் தாய், மகன் வெண்கலச் சிலையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதுவும் கோல்விட்ஸின் வடிவம்தான், அவர் சின்னதாகச் செய்ததை 1993-இல் ஹரால்ட் ஹாக்கே பெரிதாக்கினார்.

உங்களிடம் இருக்கும் படத்தில் பின்னால் உயரமான பழைய சுவர்கள் தெரிந்தால் அது கொலோன். மரங்களும் தரையில் பதித்த பலகைக் கற்களும் தெரிந்தால் விளாட்ஸ்லோ. விளாட்ஸ்லோ என்றால், படத்தை எங்காவது பயன்படுத்தும்போது அடியில் இப்படி எழுதுங்கள்: 'துயருறும் பெற்றோர். வடிவம்: கேத்தே கோல்விட்ஸ். கல்லில் செதுக்கியவர்கள்: அவுகுஸ்ட் ராடெஸ், ஃபிரிட்ஸ் டீடரிஷ். 1932.' மூன்று பெயர்களையும் போடுங்கள், இடம் போதவில்லை என்று ஒன்றையும் விட்டுவிடாதீர்கள்.